திரையில் பெயர் வராதவர்கள்

அன்புள்ள பேரனுக்கு,

சாலிகிராமத்து அறையிலிருந்து நீ அனுப்பிய குரல்செய்தியைக் கேட்டேன். ஏறி இறங்காத அலுவலகம் இல்லை, உதவி இயக்குநராகச் சேர்த்துக்கொள்ள ஆளில்லை, முப்பது வயதுக்குள் ஒரு படம் இயக்காவிட்டால் இத்தனை காலம் உலகப் படம், உள்ளூர்ப் படம் என்று பார்த்ததெல்லாம் வீண் என்கிறாய். முதல் இரண்டுக்கும் என்னிடம் வழி இல்லை. எனக்கு அந்த உலகத்தில் யாரையும் தெரியாது. மூன்றாவதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. இளவயதிலிருந்து படம் பார்க்கிறேன், பிறருக்குப் போட்டுக் காட்டுகிறேன், ஒரு படம்கூட எடுத்ததில்லை. அந்தக் காலம் வீணாய்ப் போனதாக ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. ஏன் என்று விவரமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

உனக்குப் பிடித்த சத்யஜித் ராயிலிருந்தே தொடங்கலாம். அவரைப் பற்றிப் பேசும்போது நீங்கள் எல்லோரும் 1955இல் தொடங்குகிறீர்கள், 'பதேர் பாஞ்சாலி'யில். எனக்கு அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளின் மேல் அதிக ஆசை. 1947இல் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் இன்னும் சில நண்பர்களும் சேர்ந்து கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். ராய் அப்போது ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியர். படம் எடுக்கக் கையில் பணம் இல்லை, கூப்பிடவும் யாரும் இல்லை. எங்கெங்கிருந்தோ பிரதிகளை வரவழைத்தார்கள், கூடி உட்கார்ந்து பார்த்தார்கள், பார்த்ததைப் பற்றிப் பேசினார்கள், எழுதினார்கள். 1949இல் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் 'தி ரிவர்' படத்துக்கு இடம் பார்க்க வங்காளம் வந்தார். ராய் அவரைத் தேடிப்போய்ச் சந்தித்து, கூடவே அலைந்து இடங்களைக் காட்டினார். அந்தப் படப்பிடிப்பில் சுப்ரதா மித்ரா என்ற இளைஞர் ஓரமாக நின்றுகொண்டு, விளக்கு எங்கே வைக்கிறார்கள், நடிகர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்று படம் வரைந்து குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார். பன்சி சந்திரகுப்தா அதே படத்தின் கலைப் பிரிவில் வேலை பார்த்தார். பின்னாளில் 'பதேர் பாஞ்சாலி'க்கு ஒளிப்பதிவு செய்தவர் மித்ரா, கலை இயக்கம் சந்திரகுப்தா. படப்பிடிப்பு தொடங்கியபோது மித்ரா இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். அதற்கு முன் திரைப்படக் கேமராவைக் கையில் எடுத்ததே இல்லை.

1950இல் நிறுவனம் ராயைச் சில மாதங்கள் லண்டன் அலுவலகத்துக்கு அனுப்பியது. அந்தச் சில மாதங்களில் நூறு படங்கள் அளவுக்குப் பார்த்தார். டி சிகாவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்' அவற்றில் ஒன்று. நட்சத்திரம் இல்லாமல், ஸ்டுடியோ இல்லாமல், தெருவிலேயே, நடிப்புத் தொழில் தெரியாத ஒரு ஆலைத் தொழிலாளியைக் கதாநாயகனாக வைத்து இப்படி ஒரு படம் எடுக்க முடியும் என்றால் வங்காளத்துக் கிராமத்திலும் முடியும் என்று அவருக்கு உறுதிப்பட்டது. ஊருக்குக் கப்பலில் திரும்பும்போதே காட்சிகளை எழுதத் தொடங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். இன்ஷூரன்ஸ் பாலிசியை அடகு வைத்தது, மனைவி பிஜோயாவின் நகைகள் அடகுக்குப் போனது, பணம் தீர்ந்ததும் படப்பிடிப்பு மாதக்கணக்கில் நின்றது, கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்தது. அதில் நான் அடிக்கடி நினைப்பது அந்த நாணல் பூக் காட்சியை. துர்காவும் அப்புவும் ரயில் பார்க்க ஓடுவார்களே, அந்த வெள்ளைப் பூக்காட்டில் ஒரு நாள் எடுத்துவிட்டு அடுத்த வாரம் போனால் மாடுகள் மேய்ந்து மொத்தப் பூவையும் தின்று தீர்த்திருந்தன. அடுத்த ஆண்டு மறுபடி பூக்கும்வரை காத்திருந்து மிச்சத்தை எடுத்தார்கள். இதற்கிடையில் அப்புவின் குரல் உடையவில்லை, துர்கா வளர்ந்துவிடவில்லை, பாட்டியாக நடித்த எண்பது வயது சுனிபாலா தேவி இறந்துவிடவில்லை. இந்த மூன்றும்தான் தன் படத்தைக் காப்பாற்றிய அற்புதங்கள் என்று ராயே சொல்லியிருக்கிறார்.

இப்போது ஒன்று யோசித்துப் பார். அந்த மூன்றில் ஏதாவது ஒன்று தவறி, படம் பாதியில் நின்றுபோயிருந்தால் ராயின் அந்த எட்டு ஆண்டுகளும் வீணா? கல்கத்தாவில் அந்தச் சங்கத்தின் நாற்காலிகளில் உட்கார்ந்து பார்க்கக் கற்றுக்கொண்டவர்கள் இருந்திருப்பார்கள். ரெனுவாரின் படத்தில் அந்த ஆறு இருந்திருக்கும். மித்ராவின் குறிப்புகள் வேறு யாருக்காவது உதவியிருக்கும். நல்ல படம் என்பது அதற்கு முன்பே நடந்துகொண்டிருக்கும் ஒரு பெரிய வேலையின் பகுதி. இயக்குநர் பெயர் அதில் வெளியே தெரிகிற இடம், அவ்வளவுதான்.

தெரியாத இடங்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதற்கு அதே படத்தின் மிச்சக் கதை போதும். 1993இல் லண்டனில் ஒரு லேப் தீப்பிடித்ததில் அப்பு படங்கள் மூன்றின் நெகடிவ்களும் கருகிப்போயின. ஓரம் தீய்ந்து, சுருண்டு, ஒட்டிப்போன அந்தச் சுருள்களைத் தூக்கி எறியாமல் அமெரிக்காவில் ஆஸ்கர் அகாதமியின் காப்பகத்தில் இருபது ஆண்டு வைத்திருந்தார்கள். பிறகு இத்தாலியின் போலோன்யா நகரத்தில் ஒரு மறுசீரமைப்புக் கூடத்தில் அவற்றுக்கு ஈரப்பதம் கொடுத்து மென்மையாக்கி, கிழிந்த துளைகளைக் கையாலேயே சரிசெய்து, மீட்க முடிந்ததை ஒவ்வொரு சட்டகமாக மீட்டார்கள். ஏறக்குறைய ஆயிரம் மணி நேரக் கைவேலை. நீ உன் மடிக்கணினியில் துல்லியமாகப் பார்த்து வியந்தாயே, அது அந்தக் கைகள் கொடுத்த படம். அவர்களில் ஒருவர் பெயர்கூட உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர்கள் இல்லாமல் துர்கா மழையில் நனைவதை நீ இந்தத் தெளிவில் பார்த்திருக்க முடியாது.

இனி உனக்கு ஒரு மனிதரை அறிமுகப்படுத்த வேண்டும். பி.கே. நாயர். திருவனந்தபுரத்துக்காரர், 1933இல் பிறந்தவர். சிறுவயதில் கொட்டகையின் மணல் தரையில் உட்கார்ந்து புராணப் படங்கள் பார்த்தவர். கிழித்த டிக்கெட் துண்டுகளைக்கூடச் சேர்த்து வைத்தார். பட்டப்படிப்பு முடிந்ததும் உன்னைப் போலவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பம்பாய்க்குப் போனார். இயக்குநர் ஆக வேண்டும் என்பதுதான் ஆசை. மெஹபூப் கான், பிமல் ராய், ரிஷிகேஷ் முகர்ஜி என்று பெரியவர்களின் பக்கத்தில் இருந்து வேலை பார்த்தார். படம் எடுப்பதற்கு வேண்டிய குணம் தன்னிடம் இல்லை என்று அங்கேதான் அவருக்குத் தெரிந்தது. தோற்றேன் என்று ஊருக்குத் திரும்பி, சினிமாப் பேச்சையே விட்டவர்கள் ஆயிரம் பேர் உண்டு. நாயர் 1961இல் புனே திரைப்படக் கல்லூரியில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்தார். 1964இல் புனேயிலேயே தேசியத் திரைப்படக் காப்பகம் தொடங்கியதும் அதைக் கட்டி எழுப்புவது அவர் வாழ்க்கை ஆயிற்று. 1991இல் ஓய்வு பெற்றபோது அங்கே சுமார் 12,000 படங்கள் சேர்ந்திருந்தன.

அந்த எண்ணின் கனம் புரிய வேண்டுமானால் என்னென்ன போயிற்று என்று தெரிய வேண்டும். அந்தக் காலத்துப் படச்சுருள் நைட்ரேட். சட்டென்று தீப்பிடிக்கும், வைத்த இடத்தில் மக்கிப் பொடியாகும். அதில் இருக்கும் வெள்ளிக்காகவே பழைய ரீல்களை விற்றார்கள். இந்தியாவின் முதல் பேசும்படம் 'ஆலம் ஆரா' இன்று இல்லை. அதே 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் கொட்டகையில் வெளியான 'காளிதாஸ்' இல்லை. முதல் தமிழ்ப் பேசும்படத்தில் டி.பி. ராஜலட்சுமியின் குரல் எப்படி இருந்தது என்று இனி யாரும் கேட்க முடியாது. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்', தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம், அதுவும் இல்லை. தெற்கே எடுத்த மௌனப் படங்களில் ஏறக்குறைய முழுசாக மிஞ்சியது 'மார்த்தாண்ட வர்மா' ஒன்று. அதுவும் நாவலின் உரிமை பற்றிய வழக்கில் மாட்டி, திருவனந்தபுரத்தில் ஒரு புத்தகக் கடையில் கிடந்ததால் தப்பியது. 1974இல் காப்பகம் அதை எடுத்துக்கொண்டது. தாதா சாகேப் பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா'வில் எஞ்சிய ரீல்களும், அவருடைய மகள் மந்தாகினி சிறுமியாகக் கிருஷ்ணன் வேடமிட்ட 'காளிய மர்தன'மும் நம் காலம்வரை வந்து சேர்ந்ததற்கு நாயரின் அலைச்சல்தான் காரணம்.

அவர் படம் பார்க்கும் விதத்தைப் பற்றிச் சொல்வார்கள். இருட்டில் ஒரு சின்ன டார்ச், மடியில் நோட்டு. ரீல் வாரியாகக் குறிப்பு. எந்தப் படத்தில் எந்தக் காட்சி எத்தனையாவது ரீலில் இருக்கிறது என்று மனப்பாடமாகச் சொல்வாராம். 2012இல் சிவேந்திர சிங் துங்கர்பூர் அவரைப் பற்றி 'செல்லுலாய்ட் மேன்' என்ற ஆவணப்படம் எடுத்தார். தேடிப் பார். அந்தத் துங்கர்பூர் தொடங்கிய அறக்கட்டளைதான் பிறகு மலையாள இயக்குநர் அரவிந்தனின் 'தம்பு' படத்தை மீட்டது. மூல நெகடிவ் இல்லை. புனே காப்பகத்தில் இருந்த பிரதிதான் கைகொடுத்தது. 2022இல் கான் விழாவில் அதைத் திரையிட்டார்கள்.

'தம்பு'வை நான் எத்தனை பேருக்குப் போட்டுக் காட்டியிருப்பேன்! பாரதப்புழை மணலில் ஒரு சர்க்கஸ் கூடாரம் வந்து இறங்குகிறது. அதுவரை சர்க்கஸே பார்த்திராத கிராமத்து ஜனங்களை நிஜமாகவே உட்கார வைத்து, அவர்கள் பார்ப்பதை அரவிந்தன் படம் பிடித்திருக்கிறார். கம்பியில் நடக்கிறவளைவிட அண்ணாந்து பார்க்கும் அந்த முகங்களில்தான் கேமரா அதிக நேரம் நிற்கும். வாய் திறந்தபடி ஒரு கிழவர், சிரிப்பை அடக்க முடியாத ஒரு பெண். பார்வையாளனுக்கு இப்படி ஒரு மரியாதை செய்த இந்தியப் படம் வேறொன்று எனக்குத் தெரியாது. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவனும் அந்தக் கலையின் ஆள்தான் என்று அரவிந்தன் நம்பியிருக்கிறார்.

உன் குரல்செய்தியில் ஒரு இடம் என்னைக் கஷ்டப்படுத்தியது. ஊர்க் கல்யாணத்தில் என்ன வேலை செய்கிறாய் என்று யாரோ கேட்டதற்கு, ஒரு பெரிய இயக்குநரிடம் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாய். அதைத் திட்டுவதற்காக எடுக்கவில்லை. அப்பாஸ் கியரோஸ்தமியின் 'குளோஸ்-அப்' (1990) படத்தை நீ பார்த்திருந்தாலும் இப்போது இன்னொரு முறை பார் என்று சொல்வதற்காக எடுத்தேன்.

டெஹ்ரானில் நடந்த உண்மைச் சம்பவம் அது. ஹுசைன் சப்சியான் ஓர் ஏழை, அச்சுத் தொழிலாளி, சினிமாவே உயிர். பேருந்தில் இயக்குநர் மோசன் மக்மல்பஃபின் 'தி சைக்கிளிஸ்ட்' திரைக்கதைப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த ஒரு அம்மா அதைப் பற்றிக் கேட்க, நான்தான் மக்மல்பஃப் என்று சொல்லிவிடுகிறார். அந்தக் குடும்பம் அவரை வீட்டுக்கு அழைக்கிறது. உங்கள் வீட்டில் படம் எடுக்கப்போகிறேன் என்கிறார், பிள்ளைகளை நடிக்கத் தயார்படுத்துகிறார். பிறகு குட்டு உடைகிறது, போலீஸ் வருகிறது, வழக்கு நடக்கிறது. கியரோஸ்தமி நீதிமன்றத்துக்குள் கேமராவோடு போய் விசாரணையைப் படமாக்கினார். நடந்ததை அந்தக் குடும்பத்தையும் சப்சியானையும் வைத்தே மறுபடி நடிக்கச் செய்தார்.

அந்த மனிதரின் வாக்குமூலத்தைக் கவனித்துக் கேள். மக்மல்பஃபாக இருந்தபோது அவர் சொன்னதை நாலு பேர் மதித்துக் கேட்டார்கள். வீட்டுக்குத் திரும்பியதும் பிள்ளைக்கு எதுவும் வாங்கிக் கொடுக்க வக்கற்ற பழைய சப்சியான். அவர் தேடியது மரியாதை. தன்னைப் போன்றவர்களின் வலியைக் காட்டிய ஒரு படத்தை அத்தனை ஆழமாக நேசித்தவர் அவர். அந்த நேசத்தோடு, தன் சொந்தப் பெயரோடு, அதே வீட்டு வாசற்படியில் ஏறலாம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. படத்தில் கியரோஸ்தமி செய்வது அதைத்தான்: சப்சியானை சப்சியானாகவே திரையில் நிறுத்தி, அவர் பேசுவதை நம்மைக் கேட்க வைக்கிறார். ஐயா, உன்னிடம் அதை நான் சொல்கிறேன். அடுத்த கல்யாணத்தில் யாராவது கேட்டால், வேலை தேடிக்கொண்டிருக்கிறேன், நிறையப் படம் பார்க்கிறேன் என்று சொல். எந்தப் படம் என்று கேட்கும் ஒருவர் அந்தப் பந்தியில் நிச்சயம் இருப்பார். அவர் பக்கத்தில் போய் உட்கார்.

பெயர் பற்றிய ஆசை எழும்போதெல்லாம் நான் அகிரா குரோசவாவின் 'இகிரு'வைப் (1952) போட்டுப் பார்ப்பேன். வதனபே என்ற நகராட்சி அதிகாரி, முப்பது ஆண்டாகக் காகிதத்தில் முத்திரை குத்தியே வாழ்ந்தவர், வயிற்றுப் புற்றுநோயால் சில மாதங்களில் சாகப்போகிறோம் என்று அறிகிறார். ஒரு சேரிப் பகுதிப் பெண்கள் தங்கள் தெருவில் நாறிக் கிடக்கும் குட்டையை மூடிக் குழந்தைகளுக்குப் பூங்கா அமைக்கச் சொல்லி அலுவலகம் அலுவலகமாக அலைகிறார்கள். அந்த ஒரு மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போய்க் குனிந்து நிற்கிறார் வதனபே. எந்தச் சண்டைக் காட்சியிலும் இல்லாத பரபரப்பு அதில் இருக்கிறது.

பூங்கா திறக்கும் இடத்தைக் குரோசவா கதையின் உச்சமாக வைக்கவில்லை. நடுவிலேயே அவரைச் சாகடித்துவிட்டு, மிச்சப் படத்தின் பெரும்பகுதியைத் துக்க வீட்டில் வைத்திருக்கிறார். துணை மேயர் பெருமையைத் தனக்கு எடுத்துக்கொண்டு எழுந்து போகிறார். உடன் வேலை பார்த்தவர்கள் குடித்துக்கொண்டே, பூங்காவை உண்மையில் யார் அமைத்தது என்று வாதாடுகிறார்கள். அந்தச் சேரிப் பெண்கள் மட்டும் உள்ளே வந்து, ஒரு வார்த்தை பேசாமல், அவர் புகைப்படத்தின் முன்னால் அழுதுவிட்டுப் போகிறார்கள். இளவயதில் அந்தத் துக்க வீட்டுக் காட்சி எனக்கு நீளமாகத் தெரிந்தது. வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு பார்த்தபோது படமே அங்கேதான் இருக்கிறது என்று பட்டது. வதனபேயாக நடித்த தகாஷி ஷிமுராவின் அந்த முகத்தை உன் அறைச் சுவரில் ஒட்டி வை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். நீ பார்த்த படங்களின் எண்ணிக்கையையும் மதிப்பெண்களையும் செயலியில் ஏற்றி எனக்கு அனுப்புகிறாய். அதில் எனக்கு ஆர்வம் இல்லை. ஒரு படத்தை யாரோடு பார்த்தாய், முடிந்ததும் என்ன பேசினீர்கள் என்று எழுது, ஆசையாகப் படிப்பேன்.

நான் பார்க்கக் கற்றுக்கொண்டது கூட்டத்தில் உட்கார்ந்துதான். பாளையங்கோட்டையில் எங்கள் திரைப்படச் சங்கத்துக்கு 16 எம்.எம். பிரதிகள் தகரப் பெட்டியில் ரயிலில் வரும். ஜங்ஷன் பார்சல் ஆபீஸில் கையெழுத்துப் போட்டு எடுத்து, சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுபோவேன். ஒரு பெரிய ரீல் முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போது விளக்கைப் போட்டாக வேண்டும். அந்த இடைவெளியில் மண்டபம் முழுக்கப் பேச்சு கிளம்பும். இப்போது நினைத்தால் படத்துக்கு நிகராக அந்தப் பேச்சை நான் விரும்பியிருக்கிறேன். பழைய பிரதி என்றால் துளைகள் தேய்ந்து படம் குதிக்கும், சில நேரம் அறுந்தே போகும். ஒட்டி மறுபடி ஓட்டும்வரை ஒருவர்கூட எழுந்து போக மாட்டார்கள். மறுநாள் காலையில் பெட்டி அடுத்த ஊருக்கு வண்டி ஏற வேண்டும்.

அப்படி ஒரு மாலை அடூர் கோபாலகிருஷ்ணனின் 'எலிப்பத்தாயம்' (1981) போட்டோம். மண்டபத்துக்கு வெளியே பூக்கட்டி விற்கும் ஒரு பாட்டி, வியாபாரம் முடிந்துவிட்டதால் உள்ளே வந்து பின் வரிசையில் உட்கார்ந்துகொண்டார். மலையாளம் அரைகுறையாகப் புரியும், துணைத்தலைப்பு வாசிக்க இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. மெதுவான படம், கதவு திறப்பதற்கே ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளும் படம், அவர் தூங்கிவிடுவார் என்று எங்களில் சிலர் பேசிக்கொண்டார்கள். தன் வீட்டு முற்றத்தைத் தாண்ட மாட்டாத உண்ணியையும், அவனுக்குச் சமைத்துப் போட்டே நோயில் விழும் ராஜம்மாவையும் பார்த்துக்கொண்டே இருந்தவர், ரீல் மாறும்போது விளக்கு வந்ததும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "எங்க அண்ணன் இவனேதான்யா. இருந்த இடத்த விட்டு எந்திரிக்க மாட்டான். நாங்க அக்கா தங்கச்சி வடிச்சுக் கொட்டியே நரைச்சுப் போனோம்." அன்று படம் முடிந்தபின் நடந்த கலந்துரையாடலில் நிலவுடைமைச் சமூகத்தின் வீழ்ச்சி பற்றிப் பேராசிரியர்கள் பேசினார்கள், நன்றாகவே பேசினார்கள். படத்தின் உயிரை முதலில் தொட்டவர் அந்தப் பாட்டி. யாருக்கு எது புரியும் என்று முன்கூட்டியே முடிவு செய்யும் பழக்கத்தை அன்றோடு நாங்கள் விட்டோம்.

கர்நாடகத்தில் ஹெக்கோடு என்று ஒரு சிற்றூர், ஷிமோகா மாவட்டத்தில். பாக்குத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். அங்கே கே.வி. சுப்பண்ணா நடத்திய நீனாசம் அமைப்பு 1970களிலேயே திரைப்படச் சங்கம் தொடங்கி, விவசாயிகளுக்கு 'ரஷோமோன்' காட்டியது, 'பைசிக்கிள் தீவ்ஸ்' காட்டியது, 'பதேர் பாஞ்சாலி' காட்டியது. புனேயிலிருந்து பிரதிகள் அனுப்பியவர் நம் நாயர். 'செல்லுலாய்ட் மேன்' படத்தில் அந்த ஊர்க்காரர்கள் பல ஆண்டுகள் கழித்தும் அந்தப் படங்களை நினைவு வைத்துப் பேசுவதைப் பார்க்கலாம். கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 1984இல் ஒடேசா என்ற குழுவைத் தொடங்கி, ஊர் ஊராகப் படம் போட்டு, சாப்ளினின் 'தி கிட்' காட்டி, ஜனங்களிடம் சில்லறையாகக் காசு சேர்த்து 'அம்ம அறியான்' எடுத்தார்கள். தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) எடுத்த அதே ஜான்தான். அவர் புனேயில் ரித்விக் கட்டக்கிடம் படித்தவர். கட்டக்கின் பிடிவாதத்தை அந்தச் சில்லறைக் காசிலும் நான் பார்க்கிறேன்.

நம் பக்கத்துக் கதை ஒன்று. மட்டக்களப்புப் பையன் ஒருவன் பள்ளிச் சுற்றுலா போன இடத்தில், கித்துல்கலயில், டேவிட் லீன் 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்' எடுத்துக்கொண்டிருந்தார். 'மழை' என்று அவர் கத்தியதும் மழை கொட்டியதைப் பையன் பார்த்தான். அன்று பிடித்த பித்து என்று, பின்னாளில் இயக்குநரான பாலு மகேந்திரா கடைசிவரை சொல்வார். அவருடைய 'வீடு' (1988) படத்தை நீ வணங்குகிறாய். அர்ச்சனாவின் முகமும், பாதியில் நிற்கும் அந்தச் செங்கல் சுவர்களைத் தடவிப் பார்க்கும் சொக்கலிங்க பாகவதரின் விரல்களும் உனக்கு மனப்பாடம். அந்தப் படத்தின் நெகடிவ் இன்று இல்லை. அதை மேடைக்கு மேடை வேதனையோடு சொன்னார் பாலு மகேந்திரா. தமிழ்ப் படங்களுக்கென்று ஒரு காப்பகம் வேண்டும் என்று 2014இல் இறக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். மௌனப் படக் காலத்தை விடு, நான் கொட்டகையில் பார்த்த, நீ பிறப்பதற்குச் சற்று முன்னால் வந்த படத்துக்கே இந்தக் கதி. சென்னையில் படம் எடுக்க வரிசையில் நிற்பவர்கள் பல்லாயிரம் பேர். படங்களைக் காப்பாற்றும் வேலைக்கு வரிசையே இல்லை. உன்னைப் போல் படங்களை நேசிக்கும் ஒருவன் இங்கே வந்து நின்றால் எத்தனையோ செய்யலாம். மறுசீரமைப்பும் காப்பக வேலையும் கற்றுக்கொடுக்கும் பயிற்சிப் பட்டறைகளைத் துங்கர்பூரின் அறக்கட்டளை நடத்துகிறது. சென்னையிலும் நடத்தியிருக்கிறார்கள். விசாரி.

இயக்குநர் ஆகும் முயற்சியை விடு என்று நான் சொன்னதாக உன் அம்மாவிடம் சொல்லிவிடாதே. தேடு, கதவைத் தட்டு, சிறுகதைகளைப் படித்துத் திரைக்கதையாக எழுதிப் பழகு. பாலு மகேந்திரா தன் உதவியாளர்களைக் கதை படிக்க வைத்துத்தான் வளர்த்தார். கதவு திறக்கும்வரை கைகட்டி உட்காராதே என்பதுதான் நான் கேட்பது.

உன் மேன்ஷனில் மொட்டை மாடி இருக்கிறது. வெள்ளை வேட்டி ஒன்று போதும். புரொஜெக்டர் நான் வாங்கித் தருகிறேன். ஓய்வூதியத்தில் அதற்கு இடமிருக்கிறது. பிரதி முறையாக வாங்கியதாக இருக்கட்டும், வெளியாட்களைக் கூப்பிட்டுப் போடுவதென்றால் உரிமை வைத்திருப்பவர்களிடம் அனுமதி கேட்டுவிடு. முதல் படமாக மஜித் மஜிதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997) வை. தங்கையின் ஷூவைத் தொலைத்த அலியை எந்தத் தெருவிலும் எவருக்கும் பிடிக்கும். ஓட்டப் பந்தயத்தில் மூன்றாவது பரிசுக்காக ஓடும் பையனை வேறு எங்கே பார்க்க முடியும்? மேன்ஷன் பையன்களை மட்டும் கூப்பிடாதே. கீழே டீக்கடையில் வேலை செய்கிறவரையும், இஸ்திரி வண்டிக்காரரையும், அவர் பிள்ளைகளையும் கூப்பிடு. ஆரம்பத்தில் இரண்டு வார்த்தை பேசினால் போதும். இயக்குநரின் வரலாறு வேண்டாம். துணைத்தலைப்பு வாசிக்க முடியாதவர்கள் பக்கத்தில் நீ உட்கார்ந்து, வசனத்தை மெல்லிய குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே வா. அப்படிச் சொல்லும்போது எந்த வசனம் தேவை, எந்த இடத்தில் படமே பேசுகிறது என்று உனக்கும் பிடிபடும். திரைக்கதை எழுதுகிறவனுக்கு அது பெரிய பயிற்சி.

ஒரு நோட்டுப் போடு. தேதி, படம், வந்தவர்கள், எந்த இடத்தில் சிரித்தார்கள், எந்த இடத்தில் எழுந்து போனார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று எழுது. தை மாதம் நான் சென்னை வருகிறேன். அந்த வாரம் 'வீடு' போடலாம். உங்கள் தெரு முனையில் அடுக்குமாடி கட்டுகிறார்களே, அங்கே வேலை செய்யும் கொத்தனார்களிடமும் சித்தாள்களிடமும் முன்கூட்டியே சொல்லி வை. அவர்கள் சம்பள நாளைத் தவிர்த்து வேறு ஒரு ஞாயிறாகப் பார்.

அன்புடன்,
உன் தாத்தா